கல் ஒளிர்வதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், திடப்பொருள்கள் ஒளி உமிழ்வது பற்றி ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொல்கிறாள், கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆனால் அந்தத் துறைக்குள் ஒளிரும் பொடி செய்வது ஒரு பக்கம், பொருளை அழுத்தி அதன் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது இன்னொரு பக்கம்; அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் எரிகிற எல்இடி பல்பின் சில்லு தருவது நீல ஒளிதான். அதன்மேல் பூசிய பொடி அதில் ஒரு பங்கை மஞ்சளாக்குகிறது. இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. யிட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற அந்தப் பொடி தனியாக அப்படி ஒளிராது. வேண்டுமென்றே கொஞ்சம் சீரியம் கலந்தால்தான் ஒளிரும். துத்தநாக சல்ஃபைடும் அப்படித்தான்: செம்பு சேர்த்தால் பச்சை, வெள்ளி சேர்த்தால் நீலம், மாங்கனீஸ் சேர்த்தால் ஆரஞ்சு. அதே பொடியில் இரும்போ நிக்கலோ துளி புகுந்தாலும் ஒளி மங்கிவிடும். அதனால்தான் இந்த லேபில் இரும்புக் கரண்டியைத் தொடவிடாமல், அகேட் கல்லுரலில் மணிக்கணக்கில் அரைக்கச் சொல்வார்கள். பொறுமை இல்லாத பிள்ளைக்கு இது சரிப்படாது.

அழுத்தம் பற்றிய ஆய்வு வேறு மாதிரி. மாணிக்கக் கல்லின் சிவப்பு ஒளி, அலுமினியம் ஆக்சைடுக்குள் இருக்கும் குரோமியத்திலிருந்து வருவது. 1960-இல் வந்த முதல் லேசரும் மாணிக்கத்தில்தான் ஓடியது. அந்தக் கல்லை நசுக்கினால் குரோமியத்தைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் அணுக்கள் நெருங்குகின்றன, அதன் நிறமாலையில் 694 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள சிவப்புக் கோடு இன்னும் சிவப்புப் பக்கம் நகர்கிறது. ஒரு ஜிகாபாஸ்கலுக்கு, அதாவது ஏறக்குறைய பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு, சுமார் 0.36 நானோமீட்டர். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மாதிரிப் பொருளோடு ஒரு மாணிக்கத் துணுக்கையும் போட்டு, லேசர் அடித்து அந்தக் கோட்டைப் பார்த்தே அழுத்தத்தை அளந்துவிடுகிறார்கள். காலியம் ஆர்சனைடு என்ற செமிகண்டக்டரை நசுக்கினால் அதன் ஒளி நீலப் பக்கம் நகரும். ஓர் அளவுக்கு மேல் போனால் ஒளியே வெகுவாகக் குறைந்துவிடும். எனக்கு இந்தப் பக்கம்தான் அழகு. ஆனால் வேலை பெரும்பாலும் அரசு ஆய்வகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும்தான்: கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் மாதிரி. இடங்கள் குறைவு, காத்திருப்பு அதிகம்.

பொடி செய்யும் பக்கம் போனால் கைத்தொழிலும் சேர்ந்து வரும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் அடித்துப் படிக அமைப்பைக் கண்டறியும் சோதனை) எடுக்கவும், ஒளிர்வு நிறமாலையைப் படிக்கவும் தெரிந்தவளுக்கு விளக்கு, டிஸ்ப்ளே, செமிகண்டக்டர் கம்பெனிகளில் முயன்று பார்க்க வழி உண்டு. எக்ஸ்ஆர்டி சிமெண்ட் ஆலையிலும் மருந்து கம்பெனியிலும்கூட இருக்கிறது. வீட்டில் சீக்கிரம் சம்பளம் தேவை என்றால் இதுவே நல்லது.

எதுவானாலும் எம்.எஸ்சி.யைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, 1940-களில் பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கம் இரண்டின் ஒளிர்வையும்தான் ஆராய்ந்தார். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தும், எம்.எஸ்சி. இல்லை என்று முனைவர் பட்டம் மறுத்துவிட்டார்கள். அவர் பிறகு வானிலைத் துறையில் பெரிய பொறுப்புக்கு வந்தார் என்பது வேறு கதை.

இப்போதைக்கு ஜாம் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர அதுதான் வாசல். அப்புறம் சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் வரும்; பிஎச்.டி. காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியைத் தேடும்போது, ஒளிர்வு அளக்கும் கருவி அந்தத் துறையிலேயே இருக்கிறதா, மாதிரியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்று அங்கே படிக்கும் சீனியர்களிடம் விசாரிக்கட்டும். பேராசிரியரிடம் கேட்டால் "எல்லாம் இருக்கிறது" என்றுதான் சொல்வார்.