விசா வேண்டாத நாட்டுக்கு விசா கட்டணம் எதற்கு?

கேள்வி: மாங்கூழ் சீசன் முடிந்த கையோடு குடும்பமாக நான்கு பேர் மலேசியா போகலாம் என்று இருக்கிறோம். டூர் ஏஜென்ட் கொடுத்த கொட்டேஷனில் ‘விசா மற்றும் ஆவணக் கட்டணம் – ஒருவருக்கு ரூ.3,800’ என்று ஒரு வரி இருக்கிறது. மலேசியாவுக்கு விசாவே வேண்டாம் என்கிறார்கள். கேட்டால், “அதெல்லாம் பிராசஸிங் சார்” என்கிறார். கொடுக்கலாமா? பேக்கேஜில் ஒரு நாள் சிங்கப்பூரும் உண்டு.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மலேசியாவுக்காக என்றால் ஒரு ரூபாய்கூட வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் 30 நாள் வரை அங்கே விசா இல்லாமல் தங்கலாம். தற்காலிகமாகக் கொடுத்த சலுகைதான். 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் விதியை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஏஜென்ட் ‘பிராசஸிங்’ என்று சொல்வது அநேகமாக எம்டிஏசி என்ற மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையாக இருக்கும். அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம் அது. குழந்தைகள் உட்பட ஆளுக்கு ஒன்று. பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் இடம், அவ்வளவுதான் கேட்பார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் தேடுபொறியில் போட்டால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் பணம் கேட்கும் தனியார் தளங்கள்தான். முகவரியில் ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தாய்லாந்திலும் 2025 மே 1 முதல் டிடிஏசி என்ற இதே மாதிரி படிவம் கட்டாயம். அதுவும் இலவசம்.

பெரியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது ஒரு வேலை, அதற்கு இருநூறு முந்நூறு வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். அதைச் ‘சேவைக் கட்டணம்’ என்று பில்லில் எழுதட்டும். ‘விசா’ என்று எழுதினால், எந்த நாட்டு அரசுக்கு எவ்வளவு கட்டினீர்கள், ரசீது எங்கே என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்பது நல்லது. அந்த வரி தானாகக் காணாமல் போக வாய்ப்பு அதிகம்.

சிங்கப்பூர் கதை வேறு. ஒரே ஒரு நாள் போனாலும் இந்தியர்களுக்கு விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக விண்ணப்பிப்பதுதான் வழக்கம், அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். ஆக, உங்கள் கொட்டேஷனில் இருப்பது சிங்கப்பூர் விசாதானா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அதுதான் என்றால் அந்த வரியில் நியாயம் உண்டு, தொகைதான் கொஞ்சம் அதிகம். சிங்கப்பூர் போய்விட்டு மறுபடி மலேசியாவுக்குள் நுழைந்தால் எம்டிஏசியும் மறுபடி நிரப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு விஷயம். விசா வேண்டாம் என்றால் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விசா வாங்கியவர்களை முன்கூட்டியே தூதரகம் ஒருமுறை பார்த்திருக்கும். உங்களை முதன்முதலில் பார்ப்பதே கோலாலம்பூர் இமிகிரேஷன் கவுன்ட்டர்தான். அதனால் அங்கே சோதனை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், செலவுக்குப் பணம் அல்லது கார்டு, எல்லாம் காகிதமாகவே கையில் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்றால் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் கேட்பார்கள். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய முகவரி, போன் எண், ஒரு கடிதம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். திருப்தி இல்லையென்றால் ‘நாட் டு லேண்ட்’ என்று எழுதி அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அப்படி நடந்தால் பேக்கேஜ் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். பல கொட்டேஷன்களில் இதற்கான விடை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எதுவும் வராது’ என்று இருக்கும்.

பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை இருந்தால் அது ஏமாற்று அல்ல. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் வாங்கி வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டிய முன்வரி அது. உங்கள் பான் எண்ணில் ஏறும், வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பான் எண்ணையே கேட்காமல் டிசிஎஸ் வாங்குகிறார் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். டிக்கெட்டை ஒரு இடத்திலும் ஹோட்டலை வேறு இடத்திலும் நீங்களே தனித்தனியாக எடுத்தால் அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ்ஸும் வராது.

கேள்வி: விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகளின் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அறுபது நாடு என்கிறது. நம்பலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: அந்த எண்ணிக்கை மூன்று வகைகளைக் கலந்து வருவது. உண்மையிலேயே விசா வேண்டாதவை என்று நேபாளம், பூட்டான், மலேசியா, தாய்லாந்து, மொரிஷியஸ் ஆகியவற்றைச் சொல்லலாம். கஜகஸ்தானும் பிலிப்பைன்ஸும் 14 நாள் வரை விடுகின்றன. போய் இறங்கியதும் விசா தருபவை இரண்டாவது வகை. மாலத்தீவு இலவசமாகத் தருகிறது, பாலி இருக்கும் இந்தோனேசியா 5 லட்சம் ருபியா வாங்கிக்கொண்டு தருகிறது. (ருபியா ரூபாய் அல்ல, பயப்பட வேண்டாம்.) மூன்றாவது, கிளம்பும் முன் இணையத்தில் அனுமதி வாங்க வேண்டியவை. இலங்கை இதில்தான் வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனாலும் பாஸ்போர்ட்டும் இந்த முன்அனுமதியும் வேண்டும்.

பூட்டானுக்கு விசா இல்லை, ஆனால் இந்தியர்கள் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் பெரியவர் ஒருவருக்கு 1,200 ரூபாய் அந்நாட்டு அரசுக்குக் கட்ட வேண்டும். ‘விசா ஃப்ரீ பூட்டான்’ விளம்பரங்களில் இந்தத் தொகை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பட்டியல் ஆபத்து. செர்பியா 2023 ஜனவரி 1 முதல் இந்தியர்களுக்கான சலுகையை நிறுத்திவிட்டது. ஈரான் 2024 பிப்ரவரியில் கொடுத்ததை 2025 நவம்பரில் நிறுத்தியது. தாய்லாந்தும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை மாற்றுகிற நாடு. டிக்கெட் போடும் அன்று அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பார்ப்பதுதான் சரி.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து ஒரு குழு காசி, முக்திநாத் யாத்திரை போகிறது. என் அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 61. இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. ஆதார் போதும் என்கிறார் ஏற்பாடு செய்பவர். போதுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அப்பாவுக்குப் போதும், அம்மாவுக்குப் போதாது. முக்திநாத் இருப்பது நேபாளத்தில். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் போகிற இந்தியரிடம் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை இருக்க வேண்டும். 65 வயதுக்கு மேலும் 15 வயதுக்குக் கீழும் உள்ளவர்கள் மட்டும் ஆதாரைக் காட்டலாம் என்று மத்திய உள்துறை 2019-ல் சொன்னது. நடுவில் உள்ள வயதுக்காரர்களுக்கு அது பொருந்தாது. இந்தப் பாதி விதியைத்தான் ‘ஆதார் போதும்’ என்று குழு அமைப்பாளர்கள் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். கோரக்பூர் வரை ரயிலில் போய், சோனௌலி எல்லையில் ஒருவரை மட்டும் நிறுத்தினால் அவருக்காக மொத்தக் குழுவும் நிற்கும்.

நல்ல வேளை, வாக்காளர் அட்டை அம்மாவிடம் கட்டாயம் இருக்கும். எடுத்துப் பாருங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம், முகமே தெரியாத லேமினேஷன் என்றால் படிவம் 8 கொடுத்துப் புது அட்டை வாங்கிவிடுங்கள். அசல் அட்டையே கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் உதவாது.

முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் வயதானவர்கள்தான் அதிகம் ஆசைப்படுகிறார்கள். அது சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு, இதயம் சம்பந்தமாக மருந்து எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்ட பிறகு முன்பணம் கட்டுங்கள். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

நேபாள விசா என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நுழைவு அனுமதிக் கட்டணம் என்றால் அது உண்மை. முக்திநாத் அதற்குள்தான் இருக்கிறது. நேபாளப் பணம் ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 என்று 1993-லிருந்து நிலையாக இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வாங்குகிற கடைக்காரர்களிடம் அம்மா பேரம் பேசிக்கொள்வார்.

கேள்வி: மகன் டிப்ளமோ முடித்திருக்கிறான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80 ஆயிரம் சம்பளம் என்று தெரிந்தவர் மூலமாக ஒரு ஏஜென்ட் வந்தார். விசா தேவையில்லை, டூரிஸ்டாகப் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். ஒன்றரை லட்சம் கேட்கிறார். நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
– வாசகர், பென்னாகரம்

பதில்: வைக்காதீர்கள். பையனையும் அனுப்பாதீர்கள்.

விசா இல்லாத நுழைவு சுற்றிப் பார்ப்பதற்கு. தாய்லாந்தில் சம்பளத்துக்கு வேலை செய்ய அதற்கான விசாவும் தனியாக வேலை அனுமதியும் வேண்டும். ‘அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லி அழைத்துப் போன பலரை பாங்காக்கிலிருந்து மே சோட் என்ற எல்லை ஊருக்கு ஓட்டிப்போய், ஆற்றைக் கடக்க வைத்து, மியான்மரின் மியாவாடியில் அடைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடிப்பார்கள். 2022-லிருந்தே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்து வருகிறது. 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கு மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். ஈரான் சலுகை நின்றதற்கும் இதுவே காரணம். வேலை தருவதாக அழைத்துப்போய், கடத்திப் பணம் பறித்தார்கள்.

உங்கள் மகன் பத்தாம் வகுப்பு தாண்டியவர் என்பதால் அவருடைய பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்றச் சோதனை கிடையாது. பத்தாவது படிக்காதவர் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசின் அனுமதி வாங்க வேண்டும். படித்த பிள்ளைக்கு அந்தத் தடுப்பு இல்லை. அதனால்தான் இந்த ஏஜென்ட்கள் டிப்ளமோ, டிகிரி படித்தவர்களாகத் தேடுகிறார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவரே வேலை தேடுபவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் என்று கேட்டதே போதும், மேலே விசாரிக்க வேண்டியதில்லை. மகனுக்கு வெளிநாடுதான் வேண்டும் என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். சந்தேகம் கேட்க வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண் 1800 11 3090. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே எஸ்பி அலுவலகத்தில் மனு கொடுங்கள். தெரிந்தவர் மனம் நோகும் என்று பார்க்காதீர்கள், அவரும் ஏமாந்திருக்கலாம்.

கேள்வி: பாஸ்போர்ட் எடுக்க பிரவுசிங் சென்டரில் 4,500 ரூபாய் கேட்கிறார்கள். போலீஸ் விசாரணைக்கும் சேர்த்து என்கிறார்கள்.
– வாசகி, அரூர்

பதில்: பத்து வருடத்துக்கான 36 பக்க பாஸ்போர்ட் 1,500 ரூபாய். 18 வயதுக்குக் கீழ் 1,000. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. எட்டு வயதுக்குக் கீழும் அறுபதுக்கு மேலும் உள்ளவர்களுக்குப் புது பாஸ்போர்ட்டில் 10 சதவீதம் குறைவு. போலீஸ் விசாரணைக்குக் கட்டணம் இல்லை. படிவம் நிரப்பிக் கொடுப்பவருக்கு அதற்கான கூலியை மட்டும் கொடுங்கள். பணம் கட்டும் தளத்தின் முகவரியில் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்க வேண்டும்.

கேள்வி: பெங்களூரு ஏஜென்ட் ஒருவர் எங்கள் தாய்லாந்து டூரை அவரே ரத்து செய்துவிட்டு, 1.8 லட்சம் ரூபாயை அடுத்த டூரில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார். எங்களுக்கு அடுத்த டூர் வேண்டாம், பணம்தான் வேண்டும். வழக்கு போட்டால் பெங்களூருவுக்கு அலைய வேண்டுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கு போடலாம். ஏஜென்ட் கர்நாடகாவில் இருப்பது தடையே இல்லை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

அதற்கு முன் இரண்டு வேலை. முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டு, 15 நாள் கெடு வைத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். வரவில்லை என்றால் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே வழக்கைத் தாக்கல் செய்யலாம். ரத்து செய்தது அவர்தான் என்று காட்டும் வாட்ஸ்அப் செய்தி, பணம் போன வங்கிப் பதிவு, கொட்டேஷன் மூன்றையும் இப்போதே பிரின்ட் எடுத்து வையுங்கள். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘அடுத்த டூரில் கழிக்கிறேன்’ என்று அவர் இழுப்பதும் அந்தக் கெடு தீரட்டும் என்றுகூட இருக்கலாம். வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம்.