செம்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட முகப்படம் என்றால் என்ன, அது எதற்கு?

செம்புத் தகட்டில் கூரான உளியால் முகத்தைக் கோடு கோடாக வெட்டி, மை பூசித் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்கிற படம். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள் இல்லையா, எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும், அதே சங்கதிதான். கன்னத்தின் மென்மை, கழுத்தோர நிழல் எல்லாமே கோட்டின் தடிப்பும் நெருக்கமும்தான், அசந்துபோவீர்கள்!

சரி, எதற்கு? ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும், தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் ராஜா, அமைச்சர், பாதிரியார் முகங்கள் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின.

இதை ஓவியத்தின் மலிவு நகல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியின் முகத்தை இப்படித் தகட்டில் செதுக்கிய ரோபேர் நான்தேய், பலரை எதிரே உட்காரவைத்துத் தானே வரைந்து, அப்புறம்தான் தகட்டில் வெட்டினார்.