நள வருடம், கார்த்திகை 8, புதன் இரவு

கேள்வி: தானே புயலில் எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் போய்விட்டது. அப்பா அந்த வருத்தத்திலிருந்து இன்னும் மீளவில்லை. கவிதையில் வரலாறு இருக்கிறது, காதல் இருக்கிறது, வாழ்க்கையின் அர்த்தமே இருக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
வாசகர், பண்ருட்டி

பதில்: இதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் பதில் எழுத ஓடவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புதுச்சேரியில் நானும் கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான், ஆனால் எனக்குப் போனது கூரை ஓடு, அதை ஒரே வாரத்தில் மாற்றிவிட்டேன்.

ஒரு பாட்டைச் சொல்கிறேன். பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார், இடையில் 1916 நவம்பரில் பெரும்புயல் அடித்தது. அந்த இரவைப் பற்றிய 'புயற் காற்று' பாட்டின் தலைப்புக்குக் கீழேயே நள வருடம், கார்த்திகை 8, புதன் இரவு, ஒரு கணவனும் மனைவியும் என்று குறித்திருக்கிறார். தேதி, கிழமை, அப்புறம் வீட்டுக்குள் விழித்திருந்த ரெண்டு பேர். வானிலைக் குறிப்பேட்டில் காற்றும் மழையும் எண்ணாக இருக்கும், இருட்டில் ஒருத்தி "கண்ணை விழிப்பாய் நாயகனே" என்று புருஷனை எழுப்பியது பாட்டில் மட்டும்தான் இருக்கிறது. காதல் எங்கே என்று கேட்டால் நான் இந்த வரியைத்தான் காட்டுவேன். கொஞ்சம் தள்ளி அவளே, "நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே, இந்த நேரமிருந்தால் என்படுவோம்" என்கிறாள். உயிர் பிழைத்த ஒவ்வொரு வீட்டிலும் மறுநாள் காலையில் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருப்பார், உங்கள் வீட்டிலும்.

புயல் ஓய்ந்த பிறகு எழுதியது 'பிழைத்த தென்னந்தோப்பு'. நாடெங்கும் மரங்கள் நாற்றுப்போலச் சிதறிக் கிடக்க, சின்னத் திட்டில் இருந்த ஏழை ஒருவனின் தோப்பை மட்டும் வாயு விட்டுவைத்தான் என்று பாடுகிறார். இதை உங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் தோப்பை வாயு விட்டுவைக்கவில்லையே. ஆனால் அதற்கு முன்னால் "மரங்கள் கணக்கிடத் தகுமோ?" என்று ஒரு வரி வருகிறது. நிவாரணத்துக்காக மரம் மரமாக எண்ணிக்கொடுத்த வீட்டில் அந்த வரி வேறு மாதிரிதான் கேட்கும். எந்த மரத்தை யார் வைத்தது, எது முதலில் காய்த்தது, எதன் நிழலில் உங்களுக்குத் தூளி கட்டினார்கள் என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். தேதி, கிழமை ஞாபகம் இருந்தால் அதையும் போடுங்கள்.

கேள்வி: சங்கக் காதல் பாட்டு என்றாலே எல்லோரும் செம்புலப் பெயல்நீரையே சொல்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த வேறு ஒன்று?
வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: குறுந்தொகை 290. ஆசையை அடக்கிக்கொள் என்று புத்தி சொல்கிறவர்களுக்குத் தலைவி தரும் பதில் அது. அவர்களுக்கு அவ்வளவு மனவலிமையா, என்னால் முடியாது, காதலரைக் காணாவிட்டால் பெருவெள்ளத்தில் கல்லில் மோதும் சிறுநுரைபோல "மெல்ல மெல்ல இல்லாகுதுமே" என்கிறாள். பாடியவர் பெயரே தெரியாமல் போய், அந்த உவமையை வைத்துக் கல்பொரு சிறுநுரையார் என்றே கூப்பிடுகிறோம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அரிப்புக்காகப் போட்ட கருங்கற்களில் அலை அடித்துவிட்டுத் திரும்பும்போது நின்று பாருங்கள். நுரை சட்டென்று போகாது, ஓரத்திலிருந்து ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டே வரும். 'மெல்ல' என்பதை ரெண்டு தடவை சொன்னது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சங்கப் பாட்டை வரலாற்றுச் சான்றாக எடுக்கலாமா?
வாசகர், அரியாங்குப்பம்

பதில்: எடுக்கலாம், மண்ணிலிருந்து கிடைப்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்கள், நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்து மணக்கும் தேறலை, அதாவது மதுவை, பொற்கிண்ணத்தில் மகளிர் ஊற்றித்தர உண்பாயாக என்று புறநானூறு 56-இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். உங்கள் ஊருக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. பாட்டு அரிக்கமேட்டைப் பற்றியது இல்லை, அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆனாலும் அந்தப் பாட்டை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.