ஆக்சிஜன் 96 காட்டுகிறது, அப்புறம் டாக்டர் ஏன் பயப்படுகிறார்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றி இறக்கியவர், 40 வருட பீடிப் பழக்கம். சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) முற்றி ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். "மூச்சை விடும்போது குழாய்கள் மூடிக்கொள்கின்றன, காற்று உள்ளேயே தேங்குகிறது" என்கிறார் டாக்டர். மானிட்டரிலோ ஆக்சிஜன் 96. உள்ளே விடும்போது நாங்கள் எதைக் கவனிப்பது?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்த 96-ஐ விட்டுவிடுங்கள் அம்மா. சிஓபிடிக்காரர்களுக்கு 88 முதல் 92 இருந்தாலே பெரும்பாலும் போதும். "நூறாக்குங்க சிஸ்டர்" என்று கேட்காதீர்கள். அப்பாவுக்குச் சிக்கல் காற்று உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில்.

நுரையீரலின் இழுவிசைதான் சின்ன மூச்சுக்குழாய்களைத் திறந்து பிடித்திருக்கிறது. பல வருடப் புகையில் அது தளர்ந்துவிட்டால், மூச்சை விடும்போது குழாய்கள் அமுங்கி மூடிக்கொள்ளும். விட்ட மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே மெஷின் அடுத்ததைத் தள்ளும். காலை நேரத்து பஸ்ஸில், இறங்குகிறவர்கள் இறங்குவதற்குள் படியில் கூட்டம் ஏறுமே, அந்தக் கதைதான். தேங்கிய காற்று நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவதைத் தடுக்கும். பி.பி. சரியும். டாக்டரின் பயம் இதற்குத்தான்.

வென்டிலேட்டர் திரையில் 'ஃப்ளோ' கோட்டைப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது நடுக்கோட்டுக்கு மேலே எழும். வெளியே வரும்போது சட்டென்று கீழே இறங்கி, மெல்ல ஏறி நடுக்கோட்டைத் தொட வேண்டும். தொடாமலேயே அடுத்த மூச்சு கிளம்பினால் காற்று தேங்குகிறது. கோடு வழுவழுப்பாக இல்லாமல் நடுங்கினால், பெரும்பாலும் சளி, இல்லையென்றால் மெஷின் ட்யூபில் தண்ணீர்.

எவ்வளவு தேங்குகிறது என்பதை, மூச்சு விட்ட முடிவில் வால்வைச் சில நொடி மூடிவைத்து அளப்பார்கள். மூச்சு விட்ட முடிவிலும் நுரையீரலில் இருக்கும்படி மெஷின் வைத்திருக்கும் அழுத்தம்தான் பீப். செட் செய்த பீப் 5, அளந்தது 12 என்றால், மிச்ச 7 தேங்கிய காற்றின் அழுத்தம்; அதுதான் ஆட்டோ பீப். நோயாளி தானாக மூச்சிழுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. இன்னொன்று: அடியோடு மூடிவிட்ட பகுதியின் அழுத்தம் மெஷின் வரை எட்டாது, எண் குறைவாகத்தான் வரும். அதனால் ஒரே எண்ணை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். பிளாட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே தள்ளி, கொஞ்சம் நிறுத்தி அளப்பது) 30-ஐத் தாண்டுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

நெபுலைசர், சளி உறிஞ்சுவது, நிமிடத்துக்கு இத்தனை மூச்சு என்பதைக் குறைப்பது, இவை வழக்கமான வைத்தியம். சில சமயம் பீப்பைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். "மெஷினை ஏத்திட்டாங்களே" என்று பதற வேண்டாம். வெளியிலிருந்து தரும் அந்த அழுத்தம் மூடப்போகும் குழாயைத் திறந்து வைக்கும். அளவு மீறினால் தேக்கம் கூடும் என்பதால் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள்.

அப்பா வயிற்றை எக்கி மூச்சுக்குத் தவிக்கிறார், மெஷின் மூச்சு தரவில்லை என்று தெரிந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். மெஷினில் கை வைக்காதீர்கள். டாக்டரிடம், "நேற்று ஆட்டோ பீப் எவ்வளவு, இன்று எவ்வளவு?" என்று கேளுங்கள். பி.பி. திடீரென விழுந்தால், காற்று வெளியேற மெஷின் ட்யூபைக் கொஞ்ச நேரம் கழற்றிவிடுவார்கள். அதைப் பார்த்து அலற வேண்டாம், அதுவும் சிகிச்சைதான்.