டாக்டரும் வக்கீலும் ஒரே நேரத்தில் ஆக முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். மகளுக்கு நீட் மூலம் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குச் சட்டமும் படிக்க ஆசை. காட்பாடியில் ஒரு கல்வி ஆலோசகர், "இப்போது ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாம், பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியே சொல்லிவிட்டது, ஆந்திராவில் ஒரு லா காலேஜில் சேர்த்துவிடுகிறேன், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும்" என்கிறார். இல்லையென்றால் ஆஸ்திரேலியாவில் 'மெடிக்கல் சயின்ஸ் – லா' என்று ஐந்து வருட இரட்டைப் பட்டம் இருக்கிறதாம், முடித்தால் டாக்டர், வக்கீல் இரண்டும் ஆகலாமாம். ₹50,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். சீட்டை விட்டுவிட்டு அங்கே அனுப்பலாமா, இங்கேயே இரண்டையும் படிக்க வைக்கலாமா?

பதில்:

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒதுக்கீட்டு ஆணையில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் மகளை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். இந்தக் குழப்பத்தில் அந்தத் தேதியைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வந்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். போன இடம் திரும்பி வராது.

ஆஸ்திரேலியாவை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் பெரிது. அந்தப் படிப்பு பொய்யில்லை, உண்மையிலேயே இருக்கிறது. பெயரில்தான் வில்லங்கம். அங்கே 'பேச்சிலர் ஆஃப் மெடிக்கல் சயின்ஸ்' என்பது டாக்டர் படிப்பு அல்ல. உடலியல், நோயியல், மரபியல் எல்லாம் சொல்லித்தரும் அறிவியல் பட்டம். நம் ஊர் பி.எஸ்.சி. மாதிரி. அதை முடித்தவர் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம், மருந்து கம்பெனிக்குப் போகலாம். நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. அந்த ஊரிலேயே டாக்டராக வேண்டுமென்றால், அதற்குப் பிறகு தனியாக நுழைவுத் தேர்வு எழுதி நான்கு ஆண்டு எம்.டி. படிக்க வேண்டும். அங்கே எம்.டி. என்பது அடிப்படை டாக்டர் பட்டத்தின் பெயர். நம்மூர் எம்.டி. இல்லை.

இந்தியாவுக்குத் திரும்பினால்? வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இங்கே பதிவு செய்ய, 2021-ல் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, படித்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதி, எல்லாம் வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கே தகுதித் தேர்வு. மெடிக்கல் சயின்ஸ் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தத் தேர்வு வாசலைக்கூட மிதிக்க முடியாது. சட்டப் பட்டத்துக்கும் இதே கதைதான். வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை, வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் ஏற்க வேண்டும், அதற்கும் ஒரு தகுதித் தேர்வு. ஆக, கையில் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடத்தை விட்டுவிட்டு, லட்சக்கணக்கில் கடன் வாங்கி, இங்கே டாக்டரும் ஆகாத, நேரடியாக வக்கீலும் ஆகாத படிப்புக்குப் போவதா? அந்த ஆலோசகருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. அவருக்குக் கமிஷன் அங்கிருந்துதான் வருகிறது.

இப்போது அவர் காட்டிய யூஜிசி செய்தி. 2022 ஏப்ரலில் யூஜிசி அப்படி வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மைதான். வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் இரண்டு முழுநேரப் படிப்பு படிக்கலாம், அல்லது ஒன்று நேரில், ஒன்று தொலைநிலையில். ஆனால் தொழில்முறைப் படிப்புகளுக்கு அந்தந்த கவுன்சிலின் விதியும் பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. அந்தப் பகுதியை யாரும் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டுவதில்லை. பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் 6-வது விதி, சட்டம் படிக்கும் மாணவர் அதே நேரத்தில் வேறு எந்தப் பட்டப் படிப்பிலும் பதிவு செய்யக்கூடாது என்கிறது. ஒரே கல்லூரி நடத்தும் பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி. மாதிரி ஒருங்கிணைந்த படிப்புக்கு விலக்கு உண்டு. எம்.பி.பி.எஸ்.-உடன் எல்.எல்.பி. என்று நம் நாட்டில் அப்படி ஒருங்கிணைந்த படிப்பு இல்லை.

யூஜிசி அலுவலகமும் பார் கவுன்சில் அலுவலகமும் டெல்லியில் கிட்டத்தட்ட ஒரே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. நடந்துபோய்ப் பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் "படிக்கலாம்" என்று தலைப்புச் செய்தி கொடுப்பார், இன்னொருவர் "கூடாது" என்று விதிப் புத்தகத்தின் உள்ளே வைத்திருப்பார். நடுவில் குடியாத்தத்தில் இருக்கும் தாய் தரகரிடம் ₹50,000 கொடுப்பார். இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துப் பள்ளிக்கூடத்தில் ஒட்ட எவருக்கும் தோன்றியதில்லை.

ஆறாவது விதியில் இன்னொரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும், தரகர்கள் நுழைகிற சந்து அதுதான். சட்டம் படிப்பவர், பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி மையம் நடத்தும் படிப்பைக் கூடவே படிக்கலாம் என்று அந்த விதி அனுமதிக்கிறது. இதைத் தலைகீழாகப் புரட்டி விற்கிறார்கள். "மருத்துவம் நேரில், சட்டம் தபாலில்" என்பார்கள். அப்படி இல்லை. நேரில் படிக்க வேண்டியது சட்டம், தபாலில் இருக்கலாம் என்பது மற்றது. தபாலில் படித்த எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்பதே இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸோ தபாலில் கிடையாது. அப்புறம் அந்த விலக்கு உங்கள் மகளுக்கு எப்படிப் பொருந்தும்? இன்னும் ஒரு தந்திரம்: மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேர ஒரு பட்டம் வேண்டும், பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அது இல்லை. அதனால் "முதலில் தபாலில் ஒரு பி.ஏ. போட்டு வைப்போம்" என்று அதற்கும் பணம் வாங்குவார்கள். எம்.பி.பி.எஸ்.ஸே ஒரு பட்டம்தானே அம்மா! அதை முடித்தாலே சட்டக் கல்லூரியில் சேரலாம். இந்த பி.ஏ. எதற்கு? மருத்துவச் சட்டம் தெரிந்தால் போதும் என்று நினைத்தால், எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் மருத்துவச் சட்டம், நெறிமுறை பட்டயப் படிப்பு இருக்கிறது. அறிவுக்கு நல்லது. கோர்ட்டில் நிற்க உதவாது.

"பரீட்சைக்கு மட்டும் போனால் போதும்" கல்லூரிகள். வேலூர்க்காரர்களுக்கு இது பழைய கதை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சித்தூர், மொழி தெரியாது, முகம் தெரியாது, ஆனால் அட்டெண்டன்ஸ் முழுசாக இருக்கும். லெட்டர் பேட் காலேஜ் என்று எங்கள் கோர்ட்டில் கிண்டல் செய்வோம். எம்.பி.பி.எஸ்.-ல் தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். சட்டத்துக்கு 70. ஒரே பெண் ஒரே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு வருகைப் பதிவேட்டிலும் இருந்தால், பிற்காலத்தில் அவள் மேல் கோபம் இருக்கிற யாராவது ஒருவர் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு புகார் எழுதினால் போதும். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில், கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகையும் கேமராவும் வைக்கச் சொல்லி, ஒரே நேரத்தில் வேறு படிப்பு படிக்கவில்லை என்று மாணவரிடம் உறுதிமொழியும் வாங்கச் சொல்லிவிட்டது. அதில் பொய்க் கையெழுத்துப் போட்டால் சட்டப் பட்டம் மட்டுமா போகும்? அதோடு, மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அசலாக மருத்துவக் கல்லூரியில் இருக்கும். சட்டக் கல்லூரிக்கு அந்த ஆலோசகர் எந்த அசலைக் கொடுப்பார்? நகல் தயாரிக்கிற ஆளும் அவரிடமே இருப்பார், அதுதான் பயம்.

சரி, எப்படியோ இரண்டு பட்டமும் வாங்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பலகை மாட்ட முடியுமா? முடியாது. மும்பையில் டாக்டர் ஹனிராஜ் சூலானி என்பவர் மருத்துவம் பார்த்துக்கொண்டே வக்கீலாகவும் பதிவு செய்யக் கேட்டார். மகாராஷ்டிரா–கோவா பார் கவுன்சில் மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வேறு தொழில் செய்பவரை வக்கீலாகச் சேர்க்க முடியாது என்ற பார் கவுன்சில் விதி செல்லும் என்றார்கள். டாக்டராக இருந்த நானும் வக்கீலாகப் பதிவு செய்து என்ரோல் ஆகும்போது ஆற்காட்டில் இருந்த கிளினிக்கை மூடினேன். ஸ்டெதஸ்கோப் இன்னும் அலமாரியில் தொங்குகிறது, பேரன் விளையாடுகிறான்.

அதற்காக மகளின் ஆசையைக் கிள்ளிவிடச் சொல்லவில்லை. ஒன்றன் பின் ஒன்றாகப் படிக்கட்டும். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் ஒரு ஆண்டு, பிறகு எல்.எல்.பி. மூன்று ஆண்டு. மொத்தம் எட்டரை ஆண்டு. வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப் படிப்பின் மதிப்பெண்தான். ஆனால் அந்த மூன்று ஆண்டும் பகல் வகுப்பு. டியூட்டி டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே போய்விடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். மேற்படிப்பு எம்.டி.யும் அதே நேரத்தில் கூடாது, அதற்கு இன்னும் மூன்று ஆண்டு தனியாக. இருபத்தாறு, இருபத்தேழு வயதில் எந்தப் பக்கம் போவது என்று அவளே முடிவு செய்வாள். மூன்றாம் வருடத்தில் தடயவியல் மருத்துவம் பாடமாக வரும். பிரேதப் பரிசோதனை, ஏ.ஆர். காப்பி என்கிற விபத்துப் பதிவேட்டு நகல், கோர்ட் சாட்சி எல்லாம் அதில் பார்ப்பாள். அதற்குப் பிறகும் சட்ட ஆசை இருந்தால் அது நிஜமான ஆசை.

இரண்டும் படித்தவருக்கு வேலை இல்லாமல் போகாது. 1995-ல் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அன்றிலிருந்து பெரிய மருத்துவமனைகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் கேஸ் ஷீட்டை வாசிக்கத் தெரிந்த வக்கீல் தேவைப்படுகிறார். அவளுக்கு அந்த நாள் வரும்போது என்ரோல்மென்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். பொதுப் பிரிவுக்கு வக்கீல் சட்டத்தில் உள்ள ₹750-க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

கடைசியாக உங்கள் ₹50,000. அசல் சான்றிதழ் ஏதாவது அவரிடம் இருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள், பணத்தைப் பற்றி அப்போது வாய் திறக்க வேண்டாம். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, ரசீது, ஜி.பே. ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். பதினைந்து நாள் கெடு போதும். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ₹5 லட்சம் வரையிலான சேவைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம்.