மைனஸ் கணக்கில் மிதக்கும் போர்க்கப்பல்கள்

கேள்வி: ஜெர்மனியில் பிரேமன் நகரில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 2,350 யூரோ. 1956க்குப் பிந்தைய ஜெர்மன் கடற்படைக் கப்பல்களின் 1:1250 மாதிரிகளைச் சேர்க்கிறேன். இரண்டரை வருடத்தில் 41 சேர்ந்துவிட்டன, ஒன்று சராசரியாக 70 யூரோ. வங்கியில் டிஸ்போ, அதாவது கணக்கில் பணம் இல்லாதபோதும் மைனஸில் எடுக்க விடும் கடன், அதன் எல்லை 4,000. எட்டு மாதமாகச் சராசரியாக 3,200 மைனஸில் நிற்கிறது, வட்டி 11.5 சதவீதம். இப்போது எஃப்125 வகையின் நான்கு கப்பல்களும் எண்ணிட்ட செட்டாக வருகின்றன. 300 செட் மட்டும்தான், விலை 680. இணையத்தில் ஒரு கடையில் முன்பணம் 100 கட்டிவிட்டேன். மூன்று வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார் நண்பர். இதை முதலீடு என்று மனைவிக்கு விளக்க உங்கள் பதில் உதவுமா?

பதில்: மனைவிக்குக் காட்டத்தான் கேட்கிறீர்கள். தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் முழுவதையும் காட்டுங்கள்.

41 கப்பல், தலா 70 என்றால் 2,870 யூரோ. உங்கள் மைனஸ் 3,200. இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை என்பதைக் கவனித்தீர்களா? அலமாரியில் நிற்பது உங்கள் சேமிப்பு இல்லை, வங்கியின் பணம். அதற்கு வருடம் 368 யூரோ வட்டி, மாதம் 31. அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கழிவதால் உங்களுக்கு உறைக்கவில்லை. கப்பல் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. டிஸ்போ எல்லையைச் சம்பளத்தின் நீட்சியாக நினைக்கும் பழக்கம்தான் வினை.

புதிய செட்டுக்கு வருவோம். 680 யூரோவையும் மைனஸிலிருந்தே எடுத்தால் வருட வட்டி 78, மூன்று வருடத்தில் 235. அடக்க விலை 915 ஆகிவிடும். ஏலத்தில் விற்று 15 சதவீதம் கமிஷன் போகும் என்று வைத்தால், போட்ட பணம் மட்டும் திரும்பவே 1,076க்கு விற்க வேண்டும். லாபத்தைப் பற்றி அப்புறம்தான் பேச்சு.

அந்த '300 செட் மட்டும்' என்பதையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன், சாக்சன்-அன்ஹால்ட், ரைன்லாண்ட்-ஃபால்ஸ் நான்கும் ஒரே வடிவமைப்பில் கட்டிய சகோதரக் கப்பல்கள். 149.5 மீட்டர் கப்பல் இந்த அளவில் 12 சென்டிமீட்டர்தான். அதில் வித்தியாசம் என்று கண்ணுக்குத் தெரிவது முகப்பில் எஃப்222 முதல் எஃப்225 வரை மாறும் எண் மட்டுமே. ஒரே அச்சு, நான்கு விலை. 300 என்பது செட்டின் எண்ணிக்கை. அதே அச்சிலிருந்து நாளைக்குத் தனிக் கப்பலாக எத்தனை வார்த்தாலும் தடுப்பார் யார்?

பொருளும் தங்கம் மாதிரி சும்மா கிடக்காது. துத்தநாக வார்ப்பில் ஈயம் மாசாகக் கலந்திருந்தால் வருடங்கள் கழித்து உப்பி, வெடித்து, உதிரும். 'சிங்க்பெஸ்ட்' என்று சொல்வது இதைத்தான், சரிசெய்ய வழியே இல்லை. ஈயம் கலந்த வார்ப்பை ஓக் மர அலமாரியில் பூட்டினால், மரம் விடும் அமில ஆவியில் வெண்பொடி பூக்கும். அழகான ஓக் அலமாரியாக இருந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. டிஸ்போவில் ஆறு மாதம் தொடர்ந்து, சராசரியாக எல்லையின் 75 சதவீதத்துக்கு மேல் நின்றால் வங்கி தானே அழைத்து மலிவான மாற்றுவழி பற்றி ஆலோசனை தர வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். 4,000இல் 75 சதவீதம் 3,000. நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். கடிதம் வந்திருக்கும், பிரித்திருக்க மாட்டீர்கள். அதை எடுத்துக்கொண்டு போய் 3,200ஐ 24 மாதத் தவணைக் கடனாக மாற்றக் கேளுங்கள். 7 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை 143. மொத்த வட்டி சுமார் 240. இப்படியே இரண்டு வருடம் விட்டால் 736. இப்போதே கப்பலுக்கு மாதம் 96, வட்டிக்கு 31 என்று 127 போகிறது. கூடுதலாகத் தேவைப்படுவது 16 யூரோ மட்டும்.

கடன் கிடைத்த அன்றே டிஸ்போ எல்லையை 500க்குக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். எல்லை 4,000ஆகவே இருந்தால் ஒரே வருடத்தில் தவணையும் இருக்கும், மைனஸும் இருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது சகோதரக் கப்பலாக வைத்திருப்பவற்றில் 16ஐ விற்றுவிடுங்கள். தலா 40 கிடைத்தாலும் 640. அதுதான் எதிர்பாராத செலவுக்கான கையிருப்பு. வருடத்தில் 30 விற்பனை, 2,000 யூரோ என்ற இரண்டு எல்லைக்கும் கீழே இருப்பதால் இணையத்தளம் வரித்துறைக்குத் தகவல் அனுப்பாது. முகப்பு எண், கோபுரங்கள், அடிப்பக்கம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். குமிழ்த்தாளை நேராகச் சுற்றாதீர்கள். 127 மி.மீ. பீரங்கியின் குழல் இந்த அளவில் ஆறரை மில்லிமீட்டர்தான், அழுத்தம் பட்டால் முதலில் ஒடிவது அதுதான். அடிப்பக்கத்தைக் கெட்டி நுரைப்பஞ்சில் வெட்டிய பள்ளத்தில் உட்காரவைத்து, மேலே காலி இடம் விட்டு மூடுங்கள்.

சேகரிப்புப் பொருளைத் துண்டு போட்டு டிஜிட்டல் பங்காக விற்கும் செயலியைப் பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வாங்குபவர் இல்லாத பொருளை நூறாக நறுக்கினால் வாங்குபவர் வந்துவிடுவாரா? வேண்டாம்.

முன்பணம் 100 போனதுதானா என்றால், இல்லை. அசல் பாடன்-வூர்ட்டம்பெர்க் கப்பலையே 2017 கடைசியில் ஜெர்மன் கடற்படை ஏற்க மறுத்து, அதைக் கட்டிய தளத்துக்குத் திருப்பி அனுப்பியது, 2019 ஜூனில்தான் அது சேவைக்கு வந்தது. நீங்கள் தயங்க என்ன இருக்கிறது? கடையிடமிருந்து இணையத்தில் வாங்கியதால், செட் கைக்கு வந்து 14 நாள் வரை காரணம் சொல்லாமலே விலகலாம், வருவதற்கு முன்பும் விலகலாம். எண்ணிட்ட பதிப்பு என்பதற்காக அந்த உரிமை போய்விடாது, உங்களுக்கென்று தனியாகச் செய்த பொருள் இல்லையே. ஆர்டர் எண், தேதி, 'ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்' என்ற ஒரு வரி. மின்னஞ்சலில் இன்றே அனுப்புங்கள். அந்த மின்னஞ்சல் கிடைத்த 14 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டியது கடையின் பொறுப்பு.