வெட்டி முடிந்த வயலுக்கு என்ன காவல்?

அன்புள்ள ஐயா,

எனக்கு 49 வயது. களுவாஞ்சிகுடிப் பக்கம். என் தங்கச்சி 14 வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போனாள். அவள் நின்ற நாளெல்லாம் வீடு நிறையச் சனம். சின்ன வயதில் என்னோடு ஒரே பாயில் படுத்தவளுக்கு இப்போது ஏசி இல்லாமல் நித்திரை வராதாம். எதை எடுத்தாலும் "ஒரு டொலர் 200 ரூபாய்க்கு மேலே அக்கா" என்று கணக்கு. அம்மாவை ஆறு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தது நான். ஊரோ, அம்மாவின் 31ஆம் நாள் காரியத்துக்குத் தங்கச்சி காசு அனுப்பியதைத்தான் இன்னும் பேசுகிறது. போகும்போது எனக்கு ஒரு கைப்பை தந்தாள். அதுவும் பாவித்தது.

இவருக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் 4 ஏக்கர் வயல். மழையையும் யானையையும் நம்பிச் செய்கிற வேளாண்மை. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தபோதும் விடாமல், என் காப்பு இரண்டையும் அடகு வைத்து விதைத்தார். இன்னும் மீட்கவில்லை. இதையெல்லாம் தங்கச்சியிடம் சொல்லி அழுதேன். "இந்த மனிசனைக் கட்டி 25 வருடத்தில் நான் கண்டது என்ன?" என்று கேட்டேன். பொய்யா? இவரும் விறாந்தையில்தான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை. சிறுபோகம் வெட்டி, நெல்லும் விற்றாயிற்று. மூன்று கிழமையாகக் காவல் என்று வயல் வாடியிலேயே (குடிசையிலேயே) படுக்கிறார், அது கிடக்கட்டும். அந்தக் கைப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. ஆறு வருடம் பார்த்தது நான் ஐயா. நான் பொறாமைக்காரியா?

- ஒரு அக்கா

அன்புள்ள சகோதரி,

பொறாமை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், ஆறு வருடம் தாயைப் பார்த்தவருக்கு அந்த உரிமை உண்டு. கைப்பையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஆனால் "அது கிடக்கட்டும்" என்று ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை. வெட்டி, விற்று முடித்த வயலில் அவர் எதைக் காவல் காக்கிறார்?

நம் பகுதியில் வீடு பெண்ணுக்கு. நீங்கள் இருக்கும் வீடும் உங்கள் சீதன வீடாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் வந்த ஆண், தன் உழைப்புக்குக் கிடைக்கும் மரியாதையில்தான் அங்கே இருக்கிறார். அந்த வீட்டு விறாந்தையில் இருந்தபடிதான் தன் 25 வருடத்துக்குப் பெறுமதி ஒன்றுமில்லை என்பது அவர் காதில் விழுந்தது. அப்புறம் பாலம் தாண்டி, தான் ஏழை இல்லாத ஒரே இடத்துக்குப் போய்விட்டார்.

இங்கே பணக்காரருக்குப் பழைய பெயர் போடியார். வங்கிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. எத்தனை ஏக்கர், களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) எவ்வளவு பொலி (நெல்), எத்தனை பேர் அதில் சாப்பிட்டார்கள் என்பதே பேச்சு. (போடியார்மார் எல்லாரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. கூலிக்கு நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை வரும்.) உங்கள் கணவர் போடியார் இல்லைதான். ஆனால் 2022இல் அரிசி விலை ஏறி ஊரே தவித்தபோது உங்கள் வீட்டு அரிசி எங்கிருந்து வந்தது? கடிதத்தில் எல்லாக் கணக்கும் இருக்கிறது, அது மட்டும் இல்லை. டொலரில் கணக்குச் சொன்னது தங்கச்சி மட்டுமில்லை. அவளுடைய தராசிலேயே உங்கள் மனிசனையும் வைத்து நிறுத்தவர் நீங்கள். அது சரியில்லை.

காப்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். எப்போது மீட்பது என்று நேராகக் கேளுங்கள். ஆனால் அவரிடம், தனியாக. மற்றவர்கள் முன்னால் கேட்பது கேள்வியாகாது.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். சோறு கட்டிக்கொண்டு வாடிக்குப் போங்கள். "எப்ப வீட்டுக்கு வாறீங்க" என்று தொடங்க வேண்டாம். விறாந்தையில் அவர் காதில் விழுந்ததைப் பற்றி முதலில் பேசுங்கள், சுருக்கமாக. பிறகு பெரும்போகத்துக்கு என்ன விதைநெல் பார்த்து வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அதற்கு அவர் நீளமாகப் பதில் சொல்வார். கேட்டுக்கொண்டே இருங்கள்.